பொறுத்திருக்கச் சொன்னவள்

திபோரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவன் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசற்படிகளைத் திட்டிக்கொண்டிருந்தான். மூன்றே படிகள்தான். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காகப் பாடுபடுகிற கட்டடத்துக்குள் சக்கர நாற்காலி ஏற வழியில்லை என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. உள்ளே இருந்தவை எலிகள். அவற்றைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு போவோம்.

"எலிய மட்டும்தான் தூக்குவீங்களா? நானும் அதே கேஸுதான். ரெண்டு பேர் வந்து புடிங்க" என்று கீழே இருந்து குரல் கொடுத்தான். நாற்காலிக்குப் பின்னால் அவனுடைய அக்கா கிளாவுதியா நின்றிருந்தாள். நவம்பர் குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது. "வந்த எடத்துல கத்தாதடா" என்றாள்.

நானும் காவலாளியும் எலிகளைப் பராமரிக்கிற அக்னேஷா அம்மாளும் சேர்ந்து அவனை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"டிவில வந்த டாக்டரம்மா நீங்கதானா? டிவில கொஞ்சம் உசரமா இருந்தீங்களே."

"உக்காந்திருந்தேன்" என்றேன்.

"நானும்தான் உக்காந்திருக்கேன். எனக்கு உசரம் ஏறலையே" என்றான்.

என் பெயர் லீவியா. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. டாக்டர் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கொஷீட்சே நகரில் நரம்பு ஆராய்ச்சி செய்கிற ஒரு சின்ன நிலையத்தில், பேராசிரியர் ஷிம்கோவின் குழுவில் இருந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்ட எலிகளுக்கு ஸ்டெம் செல்களைச் செலுத்துவது என் வேலை. அடிபட்ட இடத்தில், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கண்ணாடி ஊசியால், இரண்டு லட்சம் செல்களை மெதுவாக இறக்குவேன். பின்னங்கால்கள் செத்துக் கிடந்த எலிகளில் சில, ஆறு வாரத்தில் இடுப்பைத் தூக்கின. சில நடந்தன. தள்ளாடித்தான் நடந்தன, ஆனாலும் நடந்தன.

அந்தச் செய்தி எப்படியோ உள்ளூர்த் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. அவர்கள் வந்த நாளில் பேராசிரியர் வியன்னாவில் ஒரு மாநாட்டில் இருந்தார். நான்தான் பேசினேன். பேட்டி எடுத்த பெண் கடைசியாக, "மனுஷங்களுக்கு இது எப்ப கெடைக்கும்?" என்று கேட்டாள். பேராசிரியராக இருந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றியிருப்பார். நான் கேமராவைப் பார்த்து, "அஞ்சு வருஷத்துல" என்றேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதைத்தான் திபோர் பார்த்திருந்தான். மறுநாளே அக்காவிடம் சொல்லி எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசவைத்தான்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. முடிதிருத்துகிறவன். தெராஸா பகுதியில் அவனும் கிளாவுதியாவும் சேர்ந்து ஒரு சலூன் நடத்தினார்கள். பெண்கள் அவளிடம், ஆண்கள் இவனிடம். அந்த ஜூலையில் நண்பர்களோடு ஷீரவா ஏரிக்குப் போயிருக்கிறான். எண்ணெயில் பொரித்துப் பூண்டு தடவிய லாங்கோஷ் ரொட்டியைத் தின்றுவிட்டு, மிதிபடகில் ஏறி, அதிலிருந்து தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்திருக்கிறான். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. கழுத்தில் ஆறாவது எலும்பு நொறுங்கியது. தோளை உயர்த்துவான், முழங்கையை மடக்குவான், மணிக்கட்டைத் தூக்குவான். விரல்கள் மட்டும் தூங்குகிற குழந்தையின் விரல்கள் மாதிரி சுருண்டு கிடந்தன. மார்புக்குக் கீழே எதுவும் இல்லை.

அன்று அக்னேஷா அம்மாள் எலிகளின் மூத்திரப்பையை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அடிபட்ட எலிகளுக்குத் தானாக மூத்திரம் போகாது. காலையும் மாலையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வயிற்றை அமுக்கிவிட வேண்டும். திபோர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நல்லாப் பாத்துக்கோ. எவ்வளவு பொறுமையா செய்றாங்க பாரு. நீ குழாயச் சொருகறப்ப மீன் சுத்தம் பண்ற மாதிரியே பண்ற" என்றான். கிளாவுதியா அவன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

பிறகு பதினான்காம் எண் எலியின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதல் வாரத்தில் அது வயிற்றால் தேய்த்துக்கொண்டு போகிறது. ஏழாவது வாரத்தில் இடுப்பைத் தூக்கி, இடது பின்காலை முன்னால் வைத்து, பாதத்தை ஊன்றுகிறது.

"இன்னொரு வாட்டி" என்றான் திபோர்.

போட்டேன்.

"இன்னொரு வாட்டி."

பதினோரு தடவை போட்டேன். பதினோராவது தடவை அவன் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இவனுக்கு என்ன பேரு?" என்றான்.

"பேர் வைக்க மாட்டோம். பதினாலுதான்."

"பேர் வெச்சா பாசம் வந்துடும்னா? சரி. பதினாலு நல்ல பேருதான்."

அன்றிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் நான் அவர்கள் சலூனுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில், அவன் கேட்ட சில கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் போனேன். பிறகு கேள்விகள் இல்லாமலும் போனேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, கிளாவுதியா வெட்டுகிற ஒவ்வொரு தலைக்கும் அவன் விமர்சனம் சொல்வான். ஆண்களுக்கும் இப்போது அவள்தான் வெட்டினாள். இரண்டு பேர் வேலையைத் தனியாக இழுத்துக்கொண்டு, இடையில் தம்பியைப் படுக்கவைத்து, திருப்பிவிட்டு, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி.

ஒரு சனிக்கிழமை என்னையே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "டாக்டரம்மா முடிய யார் வெட்டினது? எலியா?" என்றான் திபோர். பிறகு அவன் சொல்லச் சொல்ல கிளாவுதியா வெட்டினாள். "காதுக்குப் பின்னாடி எடுக்காத. அங்க விடு. இப்ப கத்தரிய நிமுத்தி நுனிய மட்டும் கொத்து. இன்னும் லேசா. அக்கா, லேசான்னா லேசா." அவன் மடியில் கிடந்த வலது கையின் மணிக்கட்டு அவள் கத்தரிக்கோலோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கண்ணாடியில் பார்த்தேன். அவனுக்கே அது தெரிந்திருக்காது.

அந்த முடிவெட்டுக்குப் பிறகு 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'டாக்டரம்மா' மட்டும் போகவில்லை.

காதலா என்று பின்னால் என் அம்மா கேட்டாள். இல்லை என்று சொன்னேன், அது உண்மையும்கூட. என்னை அந்த அளவுக்கு நம்பிய ஆள் அதற்கு முன் வாழ்க்கையில் யாரும் இருந்ததில்லை, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் நான் கடைசி மேசைக்காரி. சலூன் கதவைத் திறந்தால் மட்டும், முடிவெட்டக் காத்திருக்கிற கிழவர்கள்கூட எழுந்து நின்று, "இவனை எப்பம்மா நடக்க வைக்கப் போற?" என்று கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பிப்ரவரியில் திபோர் என்னோடு தொலைபேசியில் பேசினான். குரலில் கிண்டல் இல்லை. "இன்னிக்கே வர்றியா?" என்றான்.

போனேன். கை அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் குச்செரா என்பவர் அவனைப் பரிசோதித்திருந்தார். அவர் சொன்னதைத் திபோர் தன் பாணியில் விளக்கினான்.

"உள்ளங்கைய மேல திருப்ப எனக்கு ரெண்டு தசை இருக்காம். ஒருத்தன் போதும், இன்னொருத்தன் சும்மா கூட நிக்கறான். அந்தச் சும்மா நிக்கறவனுக்குப் போற நரம்ப வெட்டி, வெரலத் திறக்கற தசைக்குப் போற நரம்போட தச்சுடுவாராம். பக்கத்து வீட்டுலேர்ந்து கரண்ட் இழுக்கற மாதிரி. அப்புறம் வெரல மூடறதுக்கு இன்னொண்ணு. எல்லாம் நடந்தா கை திறக்கும், மூடும்."

"எவ்வளவு திறக்கும்?"

"அது ஆளுக்கு ஆள் மாறுமாம். சில பேருக்கு ஒண்ணுமே வராதாம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள செய்யணும். மிஞ்சிப் போனா ஒன்றரை வருஷம். அதுக்கப்புறம் அந்தத் தசை செத்துப்போயிடும், நரம்பக் குடுத்தாலும் வாங்கிக்காதுன்னு சொல்றார்."

கிளாவுதியா துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் பண்ணிக்கோன்னுதான் சொல்றேன். இவன்தான் உன்னக் கேக்கணும்னு உக்காந்திருக்கான்."

திபோர் என்னைப் பார்த்தான். "நல்லா இருக்கற நரம்பு அது. எனக்குன்னு பாக்கி இருக்கறதே அவ்வளவுதான். அத வெட்டிட்டா, நாளைக்கு உன் செல்லு வந்து கழுத்த சரி பண்ணுதுன்னு வெச்சுக்கோ, அப்ப அந்தக் கை என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பாதிப் பதில் என்னிடம் இருந்தது. பேராசிரியர் மனிதர்களுக்கான சோதனை ஒன்றை வெளிநாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து திட்டமிட்டுக்கொண்டிருந்தார். வரைவு மட்டும்தான் இருந்தது, பணமும் இல்லை, அனுமதியும் இல்லை. யாரைச் சேர்க்கக் கூடாது என்கிற பட்டியலில், கையில் நரம்பு மாற்றியவர்கள் என்று ஒரு வரி இருந்ததை நான் படித்திருந்தேன்.

அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அல்லது பேராசிரியரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

"உன் எடத்துல நான் இருந்தா பொறுத்திருப்பேன்" என்றேன்.

திபோர் பெருமூச்சு விட்டான். பாரம் இறங்கியவன் மாதிரி இருந்தது. "கேட்டியாக்கா? டாக்டரம்மா சொல்லிட்டா" என்றான். கிளாவுதியா மடித்த துண்டை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் குச்செரா என்னை ஆய்வுக்கூடத்து எண்ணில் அழைத்தார்.

"நீங்க எலிக்கு டாக்டரா, மனுஷனுக்கு டாக்டரா?"

"நான் ஆராய்ச்சியாளர்."

"அப்ப என் நோயாளிக்கு ஏன் வைத்தியம் சொல்றீங்க? இந்த ஆபரேஷன் இன்னிக்கு இருக்கு. இந்த ஊர்ல இருக்கு. உங்களோடது எங்க இருக்கு, சொல்லுங்க?"

"அவருக்குத் தெரிஞ்சதை வெச்சு அவர் முடிவெடுத்தார்" என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சது நீங்க சொன்னது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கத்தியைத் தவிர வேறெதையும் நம்பாத பழைய ஆள் என்று அக்னேஷா அம்மாளிடம் சொன்னேன். அவள் எலிக்கூண்டில் மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் கைய நானும் பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஜனவரியிலேயே எங்கள் பெரிய சோதனை தொடங்கியிருந்தது. முதல் சோதனையில் அடிபட்ட ஒன்பதாம் நாளே செல்களைக் கொடுத்திருந்தோம். ஆனால் திபோரைப் போன்றவர்களுக்கு அடிபட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அதனால் இந்த முறை அறுபது எலிகள். அடிபட்டு மூன்று மாதம் ஆன பிறகு செல்கள். பாதி எலிகளுக்கு வெறும் உப்புநீர். எது எந்த எலி என்று தெரியாத வேறொரு குழு, வேறொரு ஊரிலிருந்து வீடியோக்களைப் பார்த்து மதிப்பெண் போடும் என்று பேராசிரியர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் திபோர் கேட்பான்: "என் தம்பிங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா சாப்பிடறாங்க."

"நடக்கறாங்களா?"

"சொல்லக் கூடாது. சொன்னா சோதனை கெட்டுப்போயிடும்" என்பேன். உண்மையில் எனக்கே தெரியாது. எனக்கும் சொல்லாமல்தான் வைத்திருந்தார்கள்.

அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு கோடுகள். செல் கொடுத்த எலிகளின் கோடும் உப்புநீர் கொடுத்தவற்றின் கோடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கேயும் பிரியவில்லை.

"முதல் சோதனையில மார்க் போட்டது யாரு?" என்று கேட்டார். அவர் குரலில் கடுமை இல்லை.

"நானும் அக்னேஷா அம்மாவும்."

"எந்த எலிக்கு செல் குடுத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதபடிதான் வெச்சிருந்தோம்." பிறகு சொன்னேன். "வால்ல நீல மை வெச்சதுங்களுக்குத்தான் செல்லுன்னு... ரெண்டாவது வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பொய் மதிப்பெண் போடவில்லை. ஆனால் ஒரு பாதம் ஊன்றியதா, வழுக்கியதா என்று சந்தேகமாக இருக்கிற நொடியில், நீல வால் என்றால் என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினாலு நிஜமாகவே நடந்தது. ஆனால் உப்புநீர் மட்டும் கொடுத்த எலிகளிலும், அடி லேசாகப் பட்டிருந்தால், ஒன்றிரண்டு நடக்கும்.

"திசுவை வெட்டிப் பாக்கலாம். செல் உயிரோட இருந்துச்சா செத்துப்போச்சான்னு தெரியட்டும். அதுவரைக்கும் வெளிய பேச வேண்டாம்" என்றார் பேராசிரியர். ஒரு கட்டுரைக்கு அது சரியான வழி. திபோரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இங்கேதான் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். அடிபட்டது ஜூலையில். ஒன்றரை வருடம் என்றால் ஜனவரி. அக்டோபரில் அந்தத் தாளைப் பார்த்தபோது இன்னும் மூன்று மாதம் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தபோதே விரல் விட்டு எண்ணினேன். அந்த வாரச் சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று போனேன். திபோர் என்னைப் பார்த்ததும், "என் தம்பிங்க?" என்றான்.

"திசுவ வெட்டிப் பாத்துட்டிருக்கோம்."

"ஐயையோ. கொன்னுட்டீங்களா?"

"எல்லா சோதனையிலயும் கடைசில அதுதான்."

"சரி, நல்ல சேதியோட செத்தாங்களா?"

"இன்னும் தெரியல" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் கிளாவுதியாவின் பிறந்தநாள். கசகசா வைத்த கேக் செய்திருந்தார்கள், அன்று எப்படிச் சொல்வது? டிசம்பரில் கிறிஸ்துமஸ். முட்டைக்கோஸ் சூப்பை ஒரு ஜாடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தனுப்பினாள். திசுவில் செல்கள் செத்துப்போயிருந்தால், சோதனை தோற்றதற்கு ஒரு காரணம் கிடைக்கும், சரி செய்துவிடலாம், அப்போது கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜனவரி வந்தது, போனது. பிப்ரவரிக் கடைசியில் திசு முடிவு வந்தது. செல்கள் உயிரோடுதான் இருந்தன. நன்றாக வளர்ந்து, கிளை விட்டிருந்தன. ஒன்றுக்கும் உதவவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சலூனை மூடிய பிறகு, சொன்னேன். மூவரும் உள்ளறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். திபோர் காபியை நீண்ட உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குழலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"அப்ப பதினாலு?" என்றான்.

"அதுக்கு அடி லேசா பட்டிருக்கணும்."

"அதிர்ஷ்டக்காரப் பய." சிரிக்கப் பார்த்தான். "சரி விடு. அடுத்த சோதனை எப்ப?"

"அடுத்தது இல்ல, திபோர். இப்போதைக்கு இல்ல."

கிளாவுதியா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

பிப்ரவரி என்று சொல்லியிருக்கலாம். திசு முடிவு பிப்ரவரியில்தான் வந்தது, பொய்யாகவும் இருந்திருக்காது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அக்டோபர்" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். நான் எண்ணிய அதே மாதங்கள். "நவம்பர், டிசம்பர், ஜனவரி" என்றாள். பிறகு எழுந்து போய் என் கோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "எந்திரிம்மா" என்றாள். திட்டவில்லை. திபோர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். நான் அவன் பெயரைச் சொன்னேன். "போ, லீவியா" என்றான். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் குச்செராவை நானே போய்ப் பார்த்தேன். கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார், உள்ளே விட்ட பிறகு உட்காரச் சொன்னார். நான் எதுவும் மறைக்கவில்லை.

"அவரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, ஊசி வெச்சுப் பாக்கறேன். நம்பிக்கை வேண்டாம்" என்றார்.

அவரே கிளாவுதியாவை அழைத்துப் பேசினார். தசைக்குள் ஊசி வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விரலைத் திறக்கிற தசைகள் பதில் சொல்லவில்லை. அந்த வழி மூடிவிட்டது. மிச்சம் இருந்தது வேறொரு அறுவை: மணிக்கட்டின் ஒரு தசைநாரை இடம் மாற்றி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் அழுந்துமாறு செய்வது. எவ்வளவு தாமதமானாலும் அதைச் செய்யலாம். ஒரு பொருளைப் பிடிக்கலாம். கையை விரிக்க முடியாது.

அந்த இலையுதிர்காலத்தில் வலது கைக்கு அதைச் செய்தார்கள். இதெல்லாம் எனக்கு அக்னேஷா அம்மாள் மூலமாகத்தான் தெரியும். அவள் முடி வெட்டிக்கொள்ள அங்கேதான் போவாள். முள்கரண்டி பிடிக்கிறான் என்று ஒரு நாள் சொன்னாள். தானே பல் தேய்க்கிறான் என்று இன்னொரு நாள். "இப்பெல்லாம் மூத்திரக் குழாயக்கூட அவனே போட்டுக்கறானாம். கிளாவுதியா ஒரு வாரம் பல்கேரியாவுக்குக் கடல் பாக்கப் போயிருக்கா, ரெண்டு வருஷத்துல மொத தடவையா." சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கூண்டுகளைக் கழுவப் போனாள்.

தோற்ற சோதனையைக் கட்டுரையாக எழுதினேன். நீல வால் விஷயத்தையும் எழுதினேன். பேராசிரியர் அதை அடிக்கவில்லை. மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின, நான்காவது போட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. அந்தப் பழைய பேட்டி மட்டும் இணையத்தில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ இன்னும் கடிதங்கள் வருகின்றன, பெரும்பாலும் அம்மாக்களிடமிருந்து. எல்லாவற்றுக்கும் நானே பதில் எழுதுகிறேன். இன்று உங்கள் ஊரில் கிடைக்கிற சிகிச்சை எதையும் எங்களுக்காகத் தள்ளிப்போடாதீர்கள் என்று எழுதுகிறேன். சிலர் நன்றி சொல்கிறார்கள். ஒருத்தி, என் மகனின் நம்பிக்கையைக் கொன்றுவிட்டாயே என்று எழுதினாள்.

2019 செப்டம்பரில், யாரையும் கேட்காமல், சலூனுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். கிளாவுதியா ஒரு பெண்ணுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். திபோர் ஒரு கிழவரின் பிடரியை மின்சார இயந்திரத்தால் மழித்துக்கொண்டிருந்தான். இயந்திரம் அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது, மேலே ஒரு பட்டையும் சுற்றியிருந்தது. கிழவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலை மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது.

"ஆடாதீங்க மாமா. காதை வெட்டினா திரும்பத் தைக்க எனக்குத் தெரியாது" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "உக்காரு. முடிச்சிட்டு வர்றேன்."

கிழவர் போன பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினான். எடை கூடியிருந்தான்.

"மெஷின் வேலை எனக்கு. கத்தரி வேலை அக்காவுக்கு" என்றான். "கத்தரிக்குக் கை விரியணும்ல."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டரை வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள். அவன் மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தினான்.

"குச்செரா சொன்னார், பத்துல மூணு பேருக்கு அந்த ஆபரேஷன்ல ஒண்ணும் வராதாம். நான் அந்த மூணுல ஒருத்தனா இருந்திருக்கலாம். ஏழுல ஒருத்தனாவும் இருந்திருக்கலாம். இப்ப யாருக்கும் தெரியாது. அதனால உன்ன முழுசா திட்டவும் முடியல."

"திட்டு" என்றேன்.

"பொறுத்திருன்னு சொன்னியே, அதுக்கு நான் திட்ட மாட்டேன். நான் அதத்தான் கேக்க வந்தேன். நீ வேற மாதிரி சொல்லியிருந்தாலும் நான் இன்னொருத்தனத் தேடிப்போயி கேட்டிருப்பேன்." அவன் குரல் தாழ்ந்தது. "ஆனா அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து என் எதுக்க உக்காந்து காபி குடிச்சியே. நான் தம்பிங்களப் பத்திக் கேட்டுட்டே இருந்தேன். நீ சிரிச்சே. அத நெனச்சாத்தான் எனக்கு இன்னும் தூக்கம் வரல."

கிளாவுதியாவின் கையில் தூரிகை அப்படியே நின்றிருந்தது. சாயம் பூசிக்கொண்டிருந்த பெண் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து அடுத்த ஆள் வந்தான். தாடி வைத்த, உயரமான ட்ராம் ஓட்டுநர், சீருடையோடு. "கால் மணி நேரந்தான் இருக்கு திபோர், முடியுமா?" என்றான்.

"இருபது நிமிஷம் ஆகும். ட்ராம் காத்திருக்கும், உக்காரு" என்றான் திபோர். என்னைப் பார்த்து, "எனக்கு வேலை இருக்கு, டாக்டரம்மா" என்றான். அந்தப் பெயரில் இப்போது கிண்டல் எதுவும் இல்லை. வங்கியில், தபால் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான்.

மறுபடி வா என்று அவன் சொல்லவில்லை. வரலாமா என்று நானும் கேட்கவில்லை. வெளியே வந்து, நிலையம்வரை நடந்தே போனேன். மதியம் எட்டு எலிகளுக்கு அறுவை இருந்தது. எந்த எலிக்குச் செல், எதற்கு உப்புநீர் என்கிற பட்டியலை என்னிடம் காட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கை கழுவப் போனேன்.